அனுமதிக்கலாமா, வேண்டாமா? வீட்டுக் கம்ப்யூட்டர் ஃபயர்வாலின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாக இடைத்தலைப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன.)



போன மாதம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "புது லேப்டாப் வாங்கியிருக்கேன். நல்ல ஃபயர்வாலா பார்த்து ஒண்ணு போடுன்னு அப்பா நச்சரிக்கிறார். எதைப் போடலாம்?"

பதில் ஒரு வரிதான். விண்டோஸிலேயே ஒரு ஃபயர்வால் இருக்கிறது, அதை ஆஃப் பண்ணாமல் விட்டாலே போதும். ஆனால் அவருடைய அப்பா ஒன்றும் தெரியாமல் சொல்லவில்லை. 2000-க்குப் பிறகு ஒரு ஐந்தாறு வருஷம், வீட்டில் இன்டர்நெட் வைத்திருந்தவர்களுக்கு இது நிஜமான கவலை. ஸோன்அலாரமா, பிளாக்ஐஸா, சைகேட்டா, கெரியோவா என்று பட்டிமன்றமே நடந்த காலம் அது. இன்றைக்கு அந்தப் பெயர்களைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் "அதெல்லாம் என்ன?"ன்னு கேட்பீர்கள்.

அந்தக் கேள்வி எங்கே போச்சு? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

போவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உங்கள் கம்ப்யூட்டரை ஒரு அபார்ட்மென்ட் என்று வைத்துக்கொண்டால், ஃபயர்வால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன். அவருக்கு இரண்டு வேலை. வெளியிலிருந்து வருகிறவரை நிறுத்தி "யாரைப் பார்க்கணும்?"ன்னு கேட்பது ஒன்று. உள்ளிருந்து யாராவது மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் "அதுல என்ன இருக்கு?"ன்னு கேட்பது இன்னொன்று. வீட்டு ஃபயர்வால் வரலாற்றில் முதல் வேலைக்கு ஒருவழியாக நல்ல தீர்வு கிடைத்தது. இரண்டாவது வேலையைப் பற்றி நம்மிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். என் வருத்தம் அந்த இரண்டாவதில்தான்.

சுவர் வந்த கதை

ஃபயர்வால் என்ற சொல் கட்டட வேலையிலிருந்து வந்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவாமல் இருக்க நடுவே எழுப்பும் கனமான சுவர். காரில் இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டுக்கும் இதே பெயர்தான்.

கம்ப்யூட்டர் உலகத்துக்கு "நமக்கும் சுவர் வேணும்"ன்னு உறைக்க வைத்தது 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிய ஒரு புரோகிராம், தானாகவே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் பரவியது. இப்படி யாரும் கிளிக் செய்யாமலே பரவுவதைத்தான் வோர்ம், அதாவது புழு என்கிறோம். அன்றைய இன்டர்நெட்டில் இருந்த சுமார் 60,000 கம்ப்யூட்டர்களில் 6,000 அளவுக்குப் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அதுவரை இன்டர்நெட் என்பது ஒருத்தரை ஒருத்தர் நம்பிக் கதவைத் திறந்தே வைத்திருந்த கிராமம் மாதிரி. அந்த நம்பிக்கை அன்றைக்கு உடைந்தது.

1990-களின் தொடக்கத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் ஃபயர்வாலை ஒரு சரக்காகவே விற்க ஆரம்பித்தது. 1993-இல் இஸ்ரேலில் மூன்று இளைஞர்கள் செக் பாயின்ட் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். கில் ஷ்வெட், மரியஸ் நாக்ட், ஷ்லோமோ கிரேமர். ஆபீஸ் எது தெரியுமா? கிரேமருடைய பாட்டியின் அபார்ட்மென்ட். அடுத்த வருஷம் வந்த அவர்களுடைய ஃபயர்வால்-1 உலகம் முழுக்கப் போனது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

இதெல்லாம் கம்பெனிகளுக்கானது. வீட்டில் இருப்பவருக்கு ஃபயர்வால் எதற்கு? டயல்-அப் காலத்தில் இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. போன் லைனில் டயல் செய்து, மோடம் கீச்சிட்டு, இருபது நிமிஷம் மெயில் பார்த்துவிட்டுத் துண்டிப்போம். ஒவ்வொரு முறையும் வேறு ஐபி முகவரி. திருடன் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் வீடே காணாமல் போய்விடும்.

பக்கத்து வீட்டு சி டிரைவ்

1990-களின் கடைசியில் அமெரிக்க வீடுகளுக்கு கேபிள் மோடமும் டிஎஸ்எல்லும் வந்தன. இன்டர்நெட் 24 மணி நேரமும் ஓடியது. விண்டோஸ் 95, 98 ஆகியவை ஆபீஸில் ஒரே ஹாலில் இருக்கிற நாலு கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. அதே பகிர்வு வசதி கேபிள் லைனிலும் வேலை செய்தது. விளைவு? ஒருத்தர் தன் கம்ப்யூட்டரில் "நெட்வொர்க் நெய்பர்ஹுட்" ஐகானைத் திறந்தால், அதே தெருவில் கேபிள் இணைப்பு வைத்திருந்த முகம் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. பாஸ்வேர்ட் போடாமல் பகிர்ந்திருந்தால் அவர்களுடைய சி டிரைவே திறந்தது.

இது நடக்கிறது என்று சாதாரண மக்களுக்குப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியாவின் ஸ்டீவ் கிப்சன். 1999-இல் அவர் "ஷீல்ட்ஸ்அப்" என்ற பக்கத்தைத் திறந்தார். அங்கே போய் ஒரு பட்டனை அழுத்தினால், அது வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரின் கதவுகளைத் தட்டிப் பார்த்துப் பதில் சொல்லும். கதவுகள் என்று நான் சொல்வது போர்ட்களை. 1-லிருந்து 65,535 வரை எண்ணிட்ட கதவுகள். ஒவ்வொரு கதவும் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, தட்டினால் சத்தமே இல்லாமல் ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கிறதா என்று அது காட்டும். கடைசி வகைக்கு அவர் வைத்த பெயர் "ஸ்டெல்த்".

தன் கம்ப்யூட்டரின் பெயரை எங்கோ இருக்கிற ஒரு பக்கம் திரையில் எழுதிக் காட்டும்போது ஒரு மனிதருக்கு என்ன ஆகும்? பதறிப்போய் ஃபயர்வால் தேடுவார். தேடினார்கள்.

கேள்வி கேட்ட வாட்ச்மேன்

தேடியவர்களுக்குக் கிடைத்த மருந்தில் இரண்டு ரகம் உண்டு.

பிளாக்ஐஸ் ஒரு ரகம். இது கேட் பக்கம் மட்டும் பார்க்கும். யாராவது கதவைத் தட்டினால் "தாக்குதல் நடக்குது"ன்னு ஐகான் மினுக்கும்.

ஸோன்அலாரம் இன்னொரு ரகம். சான் ஃப்ரான்சிஸ்கோவின் ஸோன் லேப்ஸ் கம்பெனி செய்தது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். இது வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதோடு நிற்காது. உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு புரோகிராம் முதல்முறையாக இன்டர்நெட்டுக்குப் போக முயன்றால், ஒரு சின்னப் பெட்டி எழும்பும். "இந்தப் புரோகிராம் இன்டர்நெட்டை அணுகப் பார்க்கிறது, அனுமதிக்கலாமா, வேண்டாமா?"

நம்ம ஊரில் இதை டவுன்லோட் செய்ய மணிக்கணக்காகும் என்பதால், கணினி இதழ்களோடு இலவசமாக வரும் சிடியிலிருந்து எடுத்துப் போடுவோம். நான் முதலில் பார்த்த ஃபயர்வாலும் இதுதான். அந்தப் பெட்டி எனக்குச் சொன்ன சேதி இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பாட்டு கேட்கிற புரோகிராம் ஏன் இன்டர்நெட்டுக்குப் போகணும்? பிரின்டரோடு வந்த சாஃப்ட்வேர் யாரிடம் பேசுது? அதுவரை கம்ப்யூட்டர் நான் சொன்னதைச் செய்கிற கருவி என்று நினைத்திருந்தேன். அது என் முதுகுக்குப் பின்னால் நாலு பேரோடு பேசுகிறது என்று முதல்முறையாகத் தெரிந்தது.

அது வீண் சந்தேகமும் இல்லை. 1999 நவம்பரில் ரியல்ஜூக்பாக்ஸ் என்ற இசை மென்பொருள், ஒவ்வொருவரும் என்ன கேட்கிறார்கள் என்ற விவரத்தை ஒரு தனி அடையாள எண்ணோடு தன் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. ரியல்நெட்வொர்க்ஸ் மன்னிப்புக் கேட்டு, அதை நிறுத்தும் பேட்ச் ஒன்றை வெளியிட்டது.

ஆனால் கேள்வி கேட்கிற வாட்ச்மேனிடம் ஒரு சிக்கல். அவர் நிறுத்தாமல் கேட்பார். "ஜெனரிக் ஹோஸ்ட் ப்ராசஸ் ஃபார் வின்32 சர்வீசஸ்"ன்னு ஒரு பெயரைக் காட்டி, விடலாமா என்பார். இது என்ன, விண்டோஸின் உறுப்பா, வைரஸா? சாதாரண மனிதருக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்றால் இன்டர்நெட்டே நின்றுபோகும். சரி என்றால் எதற்குச் சரி சொன்னோம் என்று தெரியாது. நாலு நாளில் கை தானாக "அனுமதி" பட்டனுக்குப் போய்விடும். இன்றைக்கு குக்கீ பேனரில் "அக்ஸெப்ட் ஆல்" அழுத்துகிறோமே, அதே பழக்கம்.

போதாக்குறைக்கு இந்த வாட்ச்மேனை ஏமாற்றவும் முடிந்தது. 2000 டிசம்பரில் அதே கிப்சன் "லீக்டெஸ்ட்" என்ற குட்டிப் புரோகிராமை வெளியிட்டார். அதன் ஃபைல் பெயரை, ஏற்கெனவே அனுமதி வாங்கிய ஒரு புரோகிராமின் பெயராக மாற்றினால் போதும், சில ஃபயர்வால்கள் விட்டுவிட்டன. பெயர் எழுதின பேட்ஜை மட்டும் பார்த்து உள்ளே விடுகிற மாதிரி. அடுத்த வருஷம் வந்த "டூலீக்கி" இன்னும் எளிமையாகச் செய்தது. தான் வெளியே போகவே இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஜன்னலைத் திறந்து, அதன் கையில் சேதியைக் கொடுத்து அனுப்பியது. பிரவுசருக்குத்தான் எல்லாரும் அனுமதி கொடுத்திருப்பார்களே!

அறுபது நொடி

இப்போது 2003 ஆகஸ்டுக்கு வருவோம்.

விண்டோஸ் எக்ஸ்பி வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. 2001 அக்டோபரில் வெளியானபோதே அதற்குள் மைக்ரோசாஃப்ட் ஒரு ஃபயர்வாலை வைத்திருந்தது. ஆனால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அது ஆஃப். அதை ஆன் செய்ய நெட்வொர்க் இணைப்புகளைத் திறந்து, ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸுக்குப் போய், அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் ஒரு பெட்டியை டிக் செய்ய வேண்டும். எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்? ஆன் செய்தே அனுப்பியிருக்கலாமே என்றால், அப்படிச் செய்தால் ஃபைல் பகிர்வு, கேம்ஸ், பழைய புரோகிராம்கள் எல்லாம் மக்கர் செய்யும். வாடிக்கையாளர் திட்டுவார். பாதுகாப்பா, தொந்தரவில்லாத அனுபவமா என்ற தராசில் அன்றைக்கு எல்லாரும் இரண்டாவதைத்தான் பார்த்தார்கள்.

ஜூலை 16 அன்று விண்டோஸின் ஆர்பிசி என்ற பகுதியில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. 26 நாள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, பிளாஸ்டர் என்ற வோர்ம் அந்த ஓட்டை வழியாக வந்தது. யாரும் மெயிலைத் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் இருந்தாலே போதும், 135-ஆம் எண் கதவு வழியாக உள்ளே வரும். அதன் கோடுக்குள் பில் கேட்ஸைக் கூப்பிட்டு, பணம் பண்ணுவதை விட்டுவிட்டு மென்பொருளைச் சரிசெய்யச் சொல்லும் ஒரு வசவு வேறு.

வந்ததற்கு அடையாளம் திரையில் தெரியும். கம்ப்யூட்டர் அணையப் போகிறது என்று ஒரு பெட்டி, அதில் 60, 59, 58 என்று இறங்கும் எண்கள். பூஜ்யம் வந்ததும் ரீஸ்டார்ட். மறுபடி இன்டர்நெட்டில் இணைந்தால் மறுபடி 60.

இங்கேதான் கொடுமை. சரிசெய்யும் பேட்ச் இன்டர்நெட்டில் இருக்கிறது. அதை எடுக்க இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும். போனால் மெஷின் விழுந்துவிடும். அப்போது மைக்ரோசாஃப்ட் மக்களுக்குச் சொன்ன முதல் படி என்ன தெரியுமா? "முதலில் ஃபயர்வாலை ஆன் பண்ணுங்க." இரண்டு வருஷமாக எல்லார் வீட்டிலும் தூங்கிக்கொண்டிருந்த அதே பெட்டிக்கான டிக். அது ஆன் ஆகியிருந்த எக்ஸ்பி மெஷினுக்கு பிளாஸ்டர் வெளியிலிருந்து வர வழியே இல்லை.

லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. ஒரு டிக் போதுமானதாக இருந்தது.

வாட்ச்மேன் வழியாகவே வந்தவன்

பிளாஸ்டருக்குப் பிறகு எல்லாரும் ஃபயர்வால் வாங்க ஓடினார்கள். அந்த வருஷம் டிசம்பரில் நாம் முன்னால் பார்த்த செக் பாயின்ட், ஸோன்அலாரத்தைச் செய்த ஸோன் லேப்ஸை வாங்கப்போவதாக அறிவித்தது. பாட்டி வீட்டில் தொடங்கிய கம்பெனி வீட்டு ஃபயர்வாலுக்கும் வந்துவிட்டது.

ஆனால் "நல்ல ஃபயர்வாலா வாங்கிப் போட்டா சரி" என்ற எண்ணத்துக்கே 2004 மார்ச்சில் ஒரு அடி விழுந்தது. பிளாக்ஐஸ் என்று சொன்னேன் இல்லையா? அதையும் அதே குடும்பத்து மற்ற மென்பொருள்களையும் அப்போது ஐஎஸ்எஸ் என்ற கம்பெனி விற்றுக்கொண்டிருந்தது. அவற்றுக்குள், போகிற வருகிற ஐசிக்யூ சாட் சேதிகளைப் பிரித்துப் பார்த்து ஆபத்தா என்று சோதிக்கும் ஒரு பகுதி இருந்தது. அந்தப் பகுதியிலேயே ஓட்டை. நீங்கள் ஐசிக்யூ வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாட்ச்மேன் பையைத் திறந்து சோதனை போடும்போது பைக்குள் இருந்தது அவரைக் கடித்துவிட்டது.

விவரம் பொதுவெளிக்கு வந்த மறுநாளே விட்டி என்ற வோர்ம் கிளம்பியது. உலகம் முழுக்கச் சுமார் 12,000 கம்ப்யூட்டர்கள், கிட்டத்தட்ட 45 நிமிஷத்தில். மற்ற வோர்ம்களோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை சின்னது. ஆனால் இது ஹார்ட் டிஸ்கில் அங்கங்கே குப்பையை எழுதி, கம்ப்யூட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. அடி வாங்கியவர்கள் யார்? அலட்சியமாக இருந்தவர்கள் இல்லை. காசு கொடுத்துப் பாதுகாப்பு வாங்கியவர்கள்.

எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மனசைப் பிசைகிற இடம் இதுதான். ஃபயர்வாலும் ஒரு புரோகிராம்தான். அதிலும் தப்பு இருக்கும். எவ்வளவு அதிகமாக அது பையைத் திறந்து பார்க்கிறதோ, அவ்வளவு அதிகமாகத் தப்பு நடக்கவும் இடம் உண்டு.

டிக் அடித்தே வந்த பெட்டி

ஒன்றரை மாதம்கூட நிம்மதியாகப் போகவில்லை. 2004 ஏப்ரல் கடைசியில் சாசர். ஜெர்மனியில் ஒரு பதின்வயது மாணவன் எழுதியது. இதுவும் கிளிக் எதுவும் கேட்கவில்லை. பிரிட்டனின் கடலோரக் காவல்படை கம்ப்யூட்டர் வரைபடங்களை விட்டுவிட்டுக் காகிதத்துக்குத் திரும்ப வேண்டி வந்தது. அந்த வருஷம் சான்ஸ் நிறுவனத்தின் இன்டர்நெட் ஸ்டார்ம் சென்டர் போட்ட கணக்கு இன்னொன்று. பாதுகாப்பு இல்லாத ஒரு விண்டோஸ் மெஷினை இன்டர்நெட்டில் இணைத்தால், அது தாக்குதலைச் சந்திக்கச் சராசரியாக 20 நிமிஷம் ஆகிறது. தேவையான பேட்ச்களை டவுன்லோட் செய்ய அதைவிட அதிக நேரம் ஆகும்!

மைக்ரோசாஃப்ட் அடுத்த விண்டோஸுக்கான வேலையிலிருந்து ஆட்களைத் திருப்பி, எக்ஸ்பியைப் பலப்படுத்த உட்கார வைத்தது. 2004 ஆகஸ்டில் வந்தது சர்வீஸ் பேக் 2. ஃபயர்வாலுக்கு "விண்டோஸ் ஃபயர்வால்" என்று புதுப் பெயர், எளிதில் கண்டுபிடிக்கும் இடம். முன்பு கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது நெட்வொர்க் முதலில் எழும், ஃபயர்வால் கொஞ்சம் தாமதமாக எழும். அந்தச் சில நொடி இடைவெளியையும் அடைத்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அது ஆன் ஆகியே வந்தது.

எதிர்பார்த்தபடியே பல புரோகிராம்கள் மக்கர் செய்தன. எவற்றுக்குக் கதவு திறந்துவிட வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே ஒரு பட்டியல் வெளியிட்டது. மக்கள் திட்டினார்கள், பிறகு பழகினார்கள்.

தொழில்நுட்ப ரீதியில் அது சாதாரண ஃபயர்வால்தான். வெளியிலிருந்து வருவதை மட்டும் பார்க்கும். ஸோன்அலாரம் ரசிகர்கள் அதைக் கிண்டல் செய்தார்கள். ஆனால் ஐந்து வருஷம் நடந்த "எது பெஸ்ட்" பட்டிமன்றம் செய்ய முடியாததை அந்த ஒரு டீஃபால்ட் செய்தது. தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு மட்டும் இருந்த பாதுகாப்பு, தெரியாத தாத்தா பாட்டிக்கும் கிடைத்தது.

நம்ம ஊருக்கு வந்தபோது

இந்தியாவில் வீட்டு பிராட்பேண்ட் பரவியது 2005-இலிருந்துதான். அந்த வருஷத் தொடக்கத்தில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. அதாவது ஆன் ஆகியே வரும் ஃபயர்வால் பிறந்த பிறகுதான் எப்போதும் ஓடும் இன்டர்நெட் நம் வீட்டுக்கு வந்தது. அதிர்ஷ்டம்னு சொல்லலாம், ஆனால் பாதி அதிர்ஷ்டம்தான். பல வீடுகளில் ஓடியது காப்பி அடித்த எக்ஸ்பி சிடி. "அப்டேட் போட்டா மாட்டிப்போம்" என்ற பயத்தில் சர்வீஸ் பேக்கையே தொடாதவர்கள் நிறைய. அவர்களுக்கு 2003 இன்னும் முடியவில்லை.

அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு வைஃபை ரவுட்டர் வந்தது. ரவுட்டர் ஒரே ஐபி முகவரியை வீட்டில் இருக்கிற எல்லாக் கருவிகளுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. இதற்கு என்ஏடி, நேட் என்று பெயர். 1990-களில் முகவரிப் பற்றாக்குறைக்குக் கண்டுபிடித்த வழி அது, பாதுகாப்புக்காக இல்லை. ஆனால் ஒரு நல்ல பக்கவிளைவு. வெளியிலிருந்து நாம் கேட்காத ஒன்று வந்தால், ஃபிளாட் நம்பர் இல்லாத கூரியர் மாதிரி, யாருக்குக் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது. விட்டுவிடும். ஆன் ஆகியிருக்கிற விண்டோஸ் ஃபயர்வாலும் ரவுட்டரும் சேர்ந்து, "யார் உள்ளே வரலாம்" என்ற கேள்வியைப் பெரும்பாலான வீடுகளில் தீர்த்துவிட்டன.

தனி ஃபயர்வால் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 2005-இல் சைகேட்டை சிமான்டெக் வாங்கி, வீட்டுப் பதிப்பை நிறுத்தியது. கெரியோ கைமாறியது. 2008 ஜூலையில் விண்டோஸின் ஒரு பாதுகாப்பு அப்டேட்டைப் போட்டவுடன் ஸோன்அலாரம் வைத்திருந்தவர்களுக்கு இன்டர்நெட்டே நின்றுபோனது. "இது எதுக்கு நமக்கு?"ன்னு கேட்க வைக்கிற சம்பவம்.

கைவிடப்பட்ட கேள்வி

சரி, வாட்ச்மேனின் இரண்டாவது வேலை என்ன ஆச்சு?

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, வெளியே போவதைத் தடுக்கும் வசதி விண்டோஸ் ஃபயர்வாலிலேயே இருக்கிறது. ஆனால் டீஃபால்ட்டாக எல்லாவற்றையும் விட்டுவிடும். அதற்கு ஒரு நியாயமான வாதம் உண்டு. கெட்ட புரோகிராம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், டூலீக்கி செய்த மாதிரி வேறொன்றின் முதுகில் ஏறிப் போகும், அல்லது வாட்ச்மேனையே தூங்க வைக்கும். அப்புறம் எதற்கு மக்களைக் கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணணும்? வைரஸைப் பொறுத்தவரை இந்த வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ரியல்ஜூக்பாக்ஸை நினைத்துப் பாருங்கள். அது வைரஸ் இல்லை. நாமே ஆசையாக இன்ஸ்டால் செய்தது. இன்றைக்கு நம் தகவலை எடுத்துப் போகிறவற்றில் பெரும்பகுதி அந்த ரகம். அவை ஒளிந்து ஓடுவதில்லை, நேராக கேட் வழியாகத்தான் போகின்றன. அங்கே "அதுல என்ன இருக்கு?"ன்னு கேட்கிற ஒருவர் பயன்பட்டிருப்பார்.

யார் அந்த கேட்டை வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மேக் கம்ப்யூட்டரில் வெளியே போவதைக் காட்டும் "லிட்டில் ஸ்னிச்" என்ற ஆஸ்திரிய மென்பொருள் ரொம்பப் பிரபலம். 2020 நவம்பரில் மேக் ஓஎஸ் பிக் சர் வந்தபோது, ஆப்பிள் தன்னுடைய சொந்த ஆப்களில் பலவற்றுக்கு இந்த மாதிரி ஃபயர்வால்களிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தது தெரிய வந்தது. வீட்டுக்காரர் வைத்த வாட்ச்மேன் கண்ணுக்கு, வீட்டைக் கட்டிக்கொடுத்த பில்டரின் ஆட்கள் தெரியவே மாட்டார்கள் என்ற கதை. பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்த விலக்கு வழியாகவே கெட்ட புரோகிராமும் போக முடியும் என்று செய்து காட்டினார்கள். சத்தம் கிளம்பியது. 2021 ஜனவரியில் வந்த சோதனைப் பதிப்பில் ஆப்பிள் அந்த விலக்கை நீக்கியது. கேட்டவர்கள் இருந்ததால் நீக்கியது.

இப்போது உங்கள் ஆண்ட்ராய்டு போனை எடுங்கள். ஒரு ஆப் கேமரா வேண்டுமென்றால் உங்களைக் கேட்கிறது. மைக், லொகேஷன், கான்டாக்ட்ஸ், எல்லாவற்றுக்கும் கேட்கிறது. இன்டர்நெட்டுக்கு மட்டும் கேட்காது. அந்த அனுமதி இன்ஸ்டால் ஆகும்போதே தானாகக் கிடைத்துவிடும். டார்ச் லைட் ஆப்புக்கும் கால்குலேட்டருக்கும் அதே கதைதான். ஐபோனில் மொபைல் டேட்டாவை ஆப் வாரியாக நிறுத்தலாம். வைஃபையில் அந்த ஸ்விட்ச் நம் ஊர் போன்களில் இல்லை. 2000-த்தில் ஒரு இலவசப் புரோகிராம் நம்மிடம் மரியாதையாகக் கேட்ட கேள்வியை, இன்றைக்குச் சட்டைப்பையில் இருக்கிற கம்ப்யூட்டர் கேட்பதே இல்லை.

அப்போ என்ன செய்யலாம்?

நேயரின் அப்பாவுக்குச் சொல்ல மூன்று விஷயம்.

ஒன்று, காசு கொடுத்துத் தனி ஃபயர்வால் வேண்டாம். விண்டோஸில் இருப்பது ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேம் ஓடலை, பிரின்டர் வரலைன்னு யாராவது அதை ஆஃப் பண்ணச் சொன்னால், அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பிஜி, ஹாஸ்டல், காஃபி ஷாப் வைஃபையில் இணையும்போது விண்டோஸில் அந்த நெட்வொர்க் "பப்ளிக்" என்று இருக்கட்டும். அந்த இடங்களில் பக்கத்து சீட்காரர் உங்கள் ரவுட்டருக்கு உள்ளே இருக்கிறார்.

இரண்டு, ரவுட்டர்தான் இப்போது உங்கள் மெயின் கேட். அதன் அட்மின் பாஸ்வேர்ட் வாங்கியபோது இருந்ததே இன்னும் இருக்கிறதா? 2016-இல் மிராய் என்ற மால்வேர், மாற்றப்படாத பாஸ்வேர்ட்களை வைத்தே ஏராளமான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அப்டேட்களையும் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை பயன்படுத்திய ஓட்டைக்கு, மார்ச் மாதமே பேட்ச் வந்திருந்தது. பிளாஸ்டர் கதையேதான்.

மூன்றாவது உங்களுக்கு, அப்பாவுக்கு இல்லை. ஒரே ஒரு வாரம், வெளியே போவதைக் காட்டும் ஒரு கருவியைப் போட்டுப் பாருங்கள். மேக்கில் லிட்டில் ஸ்னிச், இல்லையென்றால் இலவசமான லூலூ. ஆண்ட்ராய்டில் நெட்கார்ட். எதையும் தடுக்க வேண்டாம், சும்மா பாருங்கள். எந்த ஆப், ராத்திரி எத்தனை மணிக்கு, எங்கே பேசுகிறது என்று. ஒரு வாரம் கழித்து அதை எடுத்துவிடலாம். ஆனால் எந்த ஆப்பை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது என்ற முடிவை அப்போது நீங்கள் எடுப்பீர்கள்.

பார்த்ததை வாய்ஸ் நோட்டாக அனுப்புங்கள். அதிகமாகப் பேசின ஆப் எது என்று அடுத்த எபிசோடில் சேர்த்துச் சொல்கிறேன்.